ரொனால்ட் ஃபிஷரும் நம்ம மலைச்சரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளிடமும் ஊட்டியில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளிடமும் பேசும்போது என் மனதில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்: ரொனால்ட் ஃபிஷர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தேர்வுக்கு வரும் ஒரு சூத்திரம். விவசாயிகளுக்கோ அந்தப் பெயரே தெரியாது, ஆனால் புது உரம் வேலை செய்கிறதா என்று அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் அவரிடம்தான் இருக்கிறது. இரண்டு தரப்பும் என்னிடம் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்த முறை யாராவது கேட்டால் இதை அனுப்பினால் போதும்.

யார் இந்த ஃபிஷர்?

ரொனால்ட் எய்ல்மர் ஃபிஷர், ஆங்கிலேயப் புள்ளியியலாளர், மரபியலாளர். 1890 பிப்ரவரி 17-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா கலைப்பொருள் ஏலம் விடும் தொழிலில் நன்றாக இருந்தவர், பிறகு சொத்தெல்லாம் போய்விட்டது. 14 வயதில் அம்மாவை இழந்தார். கண்பார்வை மிக மோசம். விளக்கு வெளிச்சத்தில் படிக்கக் கூடாது என்று டாக்டர்கள் தடுத்ததால், மாலை நேரப் பாடங்களைத் தாளும் பேனாவும் இல்லாமல் காதால் கேட்டு மனத்துக்குள்ளேயே வரைந்து படித்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய கட்டுரைகளில் மற்றவர்கள் பத்துப் பக்கம் போட்டு நிரூபிக்க வேண்டியதை இரண்டு வரியில் வடிவக்கணிதமாகச் சொல்லிவிட்டுப் போவார், படிக்கிறவன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பழக்கம் இங்கிருந்துதான் வந்தது என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். கனடாவில் ஒரு பண்ணையில் கொஞ்ச நாள் வேலை, லண்டனில் ஒரு முதலீட்டுக் கம்பெனியில் கொஞ்ச நாள், முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேரப் போனால் கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அப்புறம் பள்ளி ஆசிரியர் வேலை. அந்த நாட்களில் மனைவி, மனைவியின் சகோதரியோடு சேர்ந்து மாடு, பன்றி வைத்து ஒரு சிறு பண்ணையும் நடத்தினார். கையில் மண் படாத கணக்குப் பேர்வழி இல்லை அவர்.

விவசாயத்துக்குள் எப்படி வந்தார்?

1919-ல் அவருக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. லண்டனில் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஒன்று. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொன்று. ஃபிஷர் ராதம்ஸ்டெட்டுக்குப் போனார்.

அங்கே பிராட்பாக் என்று ஒரு கோதுமை வயல். 1843-லிருந்து ஒரு துண்டுக்குத் தொழு உரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று வருஷா வருஷம் போட்டு, விளைச்சலை எழுதி வைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். எழுபது எண்பது வருஷக் கணக்கு நோட்டுகள் அலமாரியில் இருந்தன, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்ல ஆளில்லை. அந்த வேலைக்குத்தான் ஃபிஷரை எடுத்தார்கள். பழைய குப்பைமேட்டைக் கிளறுவதாக அவரே இதைச் சொன்னார். 'மில்லியனேர்' என்ற கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளைச்சல் மாறியதில் மழையால் எவ்வளவு, மண் சோர்ந்ததால் எவ்வளவு, மெதுவாக நடக்கும் வேறு மாற்றங்களால் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினார். 1921-ல் வந்த கட்டுரை அது.

ஆனால் அந்த நோட்டுகளிலிருந்து அவர் கற்ற பெரிய பாடம் வேறு. கேள்வியைச் சரியாகக் கேட்காமல் நடத்திய சோதனைக்கு, எவ்வளவு கணக்குப் போட்டாலும் பிறகு உயிர் கொடுக்க முடியாது. 14 வருஷம் அங்கே இருந்து அவர் உருவாக்கியது இதற்கான மருந்தைத்தான்.

டீ குடித்துப் பார்த்துச் சொன்ன அம்மா கதை உண்மையா?

உண்மைதான். ராதம்ஸ்டெட்டில் மாலை டீ நேரம். பாசிகளை ஆராயும் முரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானிக்கு ஃபிஷர் ஒரு கோப்பையை நீட்டினார். வேண்டாம் என்றார் அவர். முதலில் பாலை ஊற்றி அதன்மேல் டீயை ஊற்ற வேண்டும், நீங்கள் மாற்றி ஊற்றிவிட்டீர்கள், ருசி வேறு என்றார். ஃபிஷர் நம்பவில்லை. பக்கத்திலிருந்த வில்லியம் ரோச், சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார் (பிற்பாடு இவர்தான் அந்த அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார்).

1935-ல் ஃபிஷர் எழுதிய 'சோதனைகளை வடிவமைத்தல்' என்ற புத்தகத்தில் இதை வைத்தே ஒரு அத்தியாயம் இருக்கிறது. எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். எந்த வரிசையில் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி தற்செயலுக்கு விட்டுவிட வேண்டும். நான்கு நான்கு என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். எந்த நான்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

இனி கணக்கு. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். அதில் ஒன்றே ஒன்றுதான் முழுக்கச் சரி. ருசியே தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லி எல்லாம் சரியாக அமைய 70-ல் 1 வாய்ப்பு, அதாவது 1.4 சதவீதம். மூன்று சரி ஒன்று தவறு என்று வந்தால்? அப்படி வர 16 வழிகள். முழுக்கச் சரியானதையும் சேர்த்தால் 17. 70-ல் 17 என்றால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. குருட்டாம்போக்கிலேயே அது நடந்துவிடும், அதை வைத்து எதையும் நம்ப முடியாது. ஆறு கோப்பையோடு நிறுத்தியிருந்தால் மொத்த வழிகளே 20தான், எல்லாம் சரியாகச் சொன்னாலும் 20-ல் 1 வாய்ப்பு. கோப்பை ஊற்றுவதற்கு முன்பே இத்தனையும் தெரிந்துவிடுகிறது பாருங்கள். எத்தனை கோப்பை வேண்டும் என்பதை முடிவு பார்த்த பிறகு யோசிக்கக் கூடாது.

அந்த அம்மா சரியாகச் சொன்னாரா என்று எல்லோரும் கேட்பார்கள். புத்தகத்தில் ஃபிஷர் முடிவைச் சொல்லவே இல்லை. அவருக்கு முறைதான் முக்கியம்.

சார், புது உரம் போட்டேன், கொழுந்து நன்றாக வந்தது. இதற்கு மேல் என்ன சோதனை?

இந்தப் பக்கம் எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். மனமாரச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: கொழுந்து நன்றாக வந்தது உண்மை, உரத்தால் வந்தது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை.

அந்த வருஷம் மழை நேரத்துக்குப் பெய்திருக்கலாம். கவாத்து முடிந்து எத்தனையாவது வருஷம் என்பதைப் பொறுத்தே விளைச்சல் ஏறி இறங்கும். உரம் போட்டது தோட்டத்தின் நல்ல பகுதியாக இருந்திருக்கும், ஏனென்றால் காசு போட்டு வாங்கிய உரத்தை யாரும் பாறைமேல் கொட்ட மாட்டார்கள். நமக்கே தெரியாமல் கை நல்ல இடத்துக்குத்தான் போகும்.

ஃபிஷர் சொன்னது மூன்று விஷயம். ஒரே சோதனையைப் பல துண்டுகளில் திரும்பச் செய்யுங்கள். எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், நாணயம் முடிவு செய்யட்டும். மண்ணும் வெயிலும் ஒன்றுபோல் இருக்கும் துண்டுகளை ஓர் அடுக்காகக் கட்டி, ஒப்பிடுவதை அந்த அடுக்குக்குள்ளேயே ஒப்பிடுங்கள்.

மலைச்சரிவில் இது எப்படி நடக்கும்? அங்கே வயல் சமதரை, இங்கே அப்படியா?

சரிவில்தான் இது இன்னும் அதிகம் தேவை. நம்ம தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் மண் ஆழம் குறைவு, காற்று, சீக்கிரம் காய்ந்துவிடும். நடுவில் சுமார். கீழே ஓடைப் பக்கம் மேலிருந்து அடித்து வந்த மண்ணும் சத்தும் தங்கியிருக்கும், ஆனால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி உட்காருவதும் அங்கேதான். ராத்திரி குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும், விடிந்து பார்த்தால் கீழ்ச்செடிகள் கருகியிருக்கும், இருபது அடி மேலே இலை பச்சையாக இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் மேல் பாதிக்குப் பழைய உரம், கீழ்ப் பாதிக்குப் புது உரம் என்று போட்டால் நீங்கள் ஒப்பிடுவது உரத்தை அல்ல, மேட்டையும் பள்ளத்தையும்.

அதனால் சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் போகும்படி பட்டை பட்டையாகப் பிரியுங்கள். ஐந்து பட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டையிலும் இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு துண்டு, இரண்டிலும் செடி எண்ணிக்கை சமம். பட்டை ஒவ்வொன்றுக்கும் நாணயத்தைச் சுண்டுங்கள்: தலை விழுந்தால் இடப்பக்கம் புது உரம், பூ விழுந்தால் வலப்பக்கம். மூன்று முறை தொடர்ந்து தலையே விழுந்தாலும் மாற்றக் கூடாது. விழுந்ததை நோட்டில் எழுதிக் குச்சி நட்டுவிடுங்கள்.

இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு வரிசை செடியும், பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஒன்றிரண்டு வரிசையும் கணக்கில் சேராமல் விட்டுவிட வேண்டும். இந்த மழைக்கு மேல் துண்டின் உரம் கீழ்த் துண்டுக்கு வராமல் இருக்காது. சில்வர் ஓக் நிழல் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பட்டையையே தள்ளிப் போடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே வருஷம் கவாத்து ஆனதாக இருக்கட்டும்.

பறிப்பிலும் கவனம் வேண்டும். ஒருவர் கை மாதிரி இன்னொருவர் கை இருக்காது. ஒரு அக்கா இரண்டு இலை ஒரு மொட்டு என்று நிதானமாகக் கிள்ளுவார், இன்னொருவர் மூன்றாவது இலையையும் சேர்த்து எடுப்பார். ஒரு பட்டையின் இரண்டு துண்டையும் ஒருவரே பறிக்கட்டும், ஒரே காலையில் பறிக்கட்டும். மூடுபனியில் நனைந்த கொழுந்துக்கும் மத்தியானம் காய்ந்த கொழுந்துக்கும் எடை வேறு. ஃபேக்டரி வண்டியில் ஏற்றும் முன்பே, துண்டு வாரியாக, உங்கள் தராசில் நிறுத்து எழுதுங்கள்.

வருஷக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். ஐந்து பட்டையிலும் புது உரமே ஜெயித்திருந்தால், உரத்தில் சரக்கே இல்லாமல் அப்படி அமைய 32-ல் 1 வாய்ப்பு. நம்பலாம். நான்கு பட்டை மட்டும் போட்டு நான்கிலும் ஜெயித்தால் 16-ல் 1. கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதற்குக் கால்குலேட்டர்கூடத் தேவையில்லை. துண்டுகளுக்குள் வித்தியாசம் எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இன்னும் நுணுக்கமாகச் சொல்லலாம், அதற்குக் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கூப்பிடுங்கள்.

மலையில் ஃபிஷர் ஏதாவது செய்திருக்கிறாரா?

வேல்ஸ் நாட்டில் பெட்கெலெர்ட் என்ற காட்டுப் பகுதியில், 1929-ல், மலைச்சரிவு ஒன்றில் மரக்கன்று நட அவர் திட்டம் போட்டுக் கொடுத்தார். ஐந்துக்கு ஐந்து கட்டம். ஐந்து வகை மரம். ஒவ்வொரு படுக்கை வரிசையிலும் ஒவ்வொரு செங்குத்து வரிசையிலும் ஒவ்வொரு வகையும் ஒரு முறைதான் வரும். லத்தீன் சதுரம் என்று பாடத்தில் படிக்கிறீர்களே, அது. சரிவின் உயரத்தால் வரும் வித்தியாசத்தை ஒரு திசையும், பக்கவாட்டில் வரும் வித்தியாசத்தை இன்னொரு திசையும் வாங்கிக்கொள்ளும். மரங்கள் வளர்ந்த பிறகு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மலைமேல் யாரோ கட்டம் போட்ட துணியை விரித்த மாதிரி, சதுரம் சதுரமாக நிறம் மாறித் தெரியும். லத்தீன் சதுரம் என்றால் எண்களை நிரப்பும் புதிர் என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

தேயிலைக்கும் அவருக்கும் அந்த டீக்கோப்பைக் கதை மட்டும்தானா?

இல்லை, இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. ராதம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு வேலை செய்தவர் தாமஸ் ஈடன். அவர் பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தேயிலைச் செடியில் வயல் சோதனை செய்தால் பிழை எவ்வளவு வரும் என்று அளந்து 1931-ல் எழுதினார். தேயிலை, நெல்லைப் போல வருஷா வருஷம் புதிதாக நடுவது இல்லை. ஒரு செடி பிறவியிலேயே வீரியமானதாக இருந்தால் பத்து வருஷமும் அது முந்திக்கொண்டே இருக்கும். அதனால் சோதனை தொடங்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் கொஞ்ச காலம் கொழுந்து எடை எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு வரும் எடையை அதை வைத்துத் திருத்தலாம். 16 துண்டுத் தேயிலையில் ஈடன் எடுத்த எடைகளைத்தான் ஃபிஷர் 1925-ல் வந்த தன் புத்தகத்தின் பிந்தைய பதிப்பில், இப்படித் திருத்தும் இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வு என்ற முறையை விளக்க உதாரணமாகப் போட்டார்.

அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளர்கள். அங்கிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பல கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம், இன்றைய டான்டீ, தொடங்கியது. உலகம் முழுக்கப் புள்ளியியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பழகிய அந்த எண்கள் இப்படிப்பட்ட கூடையிலிருந்து வந்தவை என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை. நீங்களும் புது உரம் போடும் முன் நான்கைந்து ரவுண்டு கொழுந்தை நிறுத்து எழுதி வையுங்கள்.

யூரியாவைக் கூட்டலாமா, பொட்டாஷைக் கூட்டலாமா? ஒவ்வொன்றாகத்தானே சோதிக்க வேண்டும்?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஃபிஷர் 1926-லேயே அதை மறுத்தார். இயற்கையிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்பது தவறு, நன்றாக யோசித்த கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால்தான் நல்ல பதில் வரும் என்றார். இரண்டும் கூட்டாதது, யூரியா மட்டும் கூட்டியது, பொட்டாஷ் மட்டும் கூட்டியது, இரண்டும் கூட்டியது என்று பட்டைக்கு நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டும் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும். மேலே போனஸாக, பொட்டாஷ் கூட இருந்தால் யூரியா கூடுதலாக வேலை செய்கிறதா என்பதும் தெரியும். தனித்தனியாகச் சோதித்தால் அது தெரியவே தெரியாது.

0.05 என்பது அவர் போட்ட சட்டமா?

ஒரு முடிவு வெறும் தற்செயல் இல்லை என்று ஏற்க, 20-ல் ஒரு முறை (0.05) தற்செயலாக நடக்கக்கூடியது என்ற அளவை வசதியான எல்லையாக 1925-ல் வந்த தன் புத்தகத்தில் சொன்னார். கணினி இல்லாத காலம், அட்டவணை அச்சடிக்க ஏதாவது ஓர் எல்லை வேண்டியிருந்தது. ஆனால் எந்த விஞ்ஞானியும் வருஷா வருஷம், எல்லாச் சூழலிலும் ஒரே எல்லையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை என்று 1956-ல் அவரே எழுதினார். 0.049 என்றால் பாஸ், 0.051 என்றால் ஃபெயில் என்று இன்று பல ஆய்வேடுகளில் பார்க்கிறேன், அதற்கு ஃபிஷரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

தேர்வுக்கு: அவருடைய பங்களிப்புகள் என்னென்ன?

மாறுபாட்டளவு (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) என்ற சொல்லை 1918-ல் மரபியல் கட்டுரை ஒன்றில் அறிமுகப்படுத்தினார். பிறகு மாறுபாட்டுப் பகுப்பாய்வு (அந்தச் சிதறலில் எந்தக் காரணத்தால் எவ்வளவு என்று பிரிப்பது), மீப்பெரு நிகழ்தகவு மதிப்பீடு (கையில் உள்ள தரவுக்கு மிகவும் பொருந்தும் மதிப்பைத் தேர்ந்தெடுப்பது), தற்செயல் ஒதுக்கீடு (மேலே சொன்ன நாணயம்), காரணிச் சோதனைகள் (யூரியா, பொட்டாஷ் போலப் பலவற்றைச் சேர்த்துச் சோதிப்பது). உயிரியலில் மெண்டலின் மரபு விதியும் டார்வினின் இயற்கைத் தேர்வும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்று கணக்கால் காட்டினார். 1930-ல் அதற்கென்று தனிப் புத்தகம். 1933-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், 1943-லிருந்து கேம்பிரிட்ஜில் மரபியல் பேராசிரியர், 1952-ல் சர் பட்டம். கடைசிக் காலத்தில் ஆஸ்திரேலியா போய் 1962 ஜூலை 29-ல் அடிலெய்டில் காலமானார்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?

பல முறை. 1931-ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அவருடைய நண்பர். 1938 ஜனவரியில் அங்கே நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஃபிஷர்தான் தலைவர். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்வார் என்ற அவருடைய பிரபலமான வாசகம் அந்த உரையில் வருவதுதான்.

நம்ம நாட்டுப் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவ் அவரிடம்தான் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார், 1948-ல். சூடானில் தோண்டியெடுத்த பழைய எலும்புகளை அளக்கும் வேலைக்குப் போன ராவ், பகலில் எலும்பு, மற்ற நேரத்தில் ஃபிஷரின் எலி மரபியல் கூடம் என்று இருந்தவர். அந்த ராவிடம் கொல்கத்தாவில் படித்தவர் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.எஸ்.வரதன். 2007-ல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கியவர். ஃபிஷரிலிருந்து எண்ணினால் மூன்றாவது தலைமுறையில் ஒரு தமிழர்.

உருளைக்கிழங்குக்கு ஏதாவது?

1923-ல் 12 உருளை ரகங்களை வெவ்வேறு உரங்களில் போட்டுப் பார்த்து மெக்கென்சி என்பவரோடு எழுதிய கட்டுரை, மாறுபாட்டுப் பகுப்பாய்வின் ஆரம்பங்களில் ஒன்று. ரகத்துக்கு ரகம் உரத்தேவை மாறுகிறதா என்பது கேள்வி. மாறுவதாகத் தெரியவில்லை என்பது அன்றைய பதில்.

இன்னொரு தொடர்பும் உண்டு, ஃபிஷருக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை என்றாலும். நீலகிரி உருளையைப் பாழாக்கிய தங்க நூற்புழுவை 1961-ல் ஊட்டிப் பக்கத்தில் முதலில் கண்டுபிடித்துச் சொன்ன ஜோன்ஸ், அதே ராதம்ஸ்டெட்டிலிருந்து வந்தவர். அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை ஊட்டி அருகே முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்ததும் துண்டு போட்டு, தற்செயலாக ஒதுக்கி, திரும்பத் திரும்பச் சோதிக்கும் முறையில்தான்; ஆராய்ச்சி நிலையங்களின் புது ரகங்கள் பொதுவாக இன்று இந்த வழியில்தான் வெளிவருகின்றன.

விவசாயத்துக்கு வெளியே இந்த முறை எங்கே உதவியது?

மருத்துவத்தில். எனக்குப் பிடித்த உதாரணம் சென்னைதான். காசநோய் என்றால் மலைக்காற்று வேண்டும், சானடோரியத்தில் படுக்கை வேண்டும், முட்டை பால் வேண்டும் என்று நம்பிய காலம். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையத்தில் நோயாளிகளைத் தற்செயலாக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை நெருக்கடியான சொந்த வீட்டிலேயும் வைத்து, இரு பாதிக்கும் அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959-லிருந்து முடிவுகள் வந்தன: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. யாரை எங்கே வைப்பது என்று டாக்டர்கள் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த முடிவை ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் என்ற வழியைத் திறந்தது அந்தச் சோதனை.

அவர் இனவெறி பிடித்தவர் என்கிறார்களே?

மறைக்க ஒன்றுமில்லை. மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையில் மாணவப் பருவத்திலிருந்தே தீவிரமாக இருந்தார், 1930 புத்தகத்தின் கடைசிப் பகுதி முழுக்க அதுதான். இனங்களுக்கிடையே அறிவிலும் குணத்திலும் பிறவி வேறுபாடு கிடையாது என்ற திசையில் 1950-களில் யுனெஸ்கோ அறிக்கை கொண்டுவந்தபோது மறுப்புச் சொன்னார். 2020-ல் அவர் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரி, உணவுக்கூடத்தில் அவர் நினைவாக வைத்திருந்த லத்தீன் சதுரக் கண்ணாடி ஜன்னலை எடுத்துவிட்டது.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1890-களில் சென்னை அருங்காட்சியக அதிகாரி எட்கர் தர்ஸ்டன் இங்கே வந்து தோடர், கோத்தர் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதினார். மனிதர்களை அப்படி அளந்து தரம் பிரிக்கும் காலத்தின் ஆள்தான் ஃபிஷரும். அவர் முறையை எடுத்துக்கொள்கிறேன், இந்தக் கருத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன், வகுப்பில் இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் புரிகிறது.

சிகரெட் விஷயம்?

புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1950-ல் காட்டினார்கள். 1957-58-ல் ஃபிஷர் அதை எதிர்த்து எழுதினார். புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபணு கொடுக்கலாமே, யாரையும் தற்செயலாகப் பிரித்துச் சோதிக்கவில்லையே என்பது வாதம். அவரே பைப் புகைப்பவர், புகையிலைக் கம்பெனிகளின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். கேள்வி கேட்டதில் தவறில்லை. ஆனால் யாரையும் நாணயம் சுண்டிப் புகைக்க வைக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் பல நாடுகளிலிருந்து, பல வழிகளில் ஒரே பக்கம் வந்து குவியும் ஆதாரத்தை ஏற்க வேண்டும். அவர் ஏற்கவில்லை. அதனால் எத்தனை பேர் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாகப் புகைத்தார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு வருஷம் கஷ்டப்பட்டு எல்லாம் செய்து, கடைசியில் வித்தியாசமே தெரியவில்லை என்றால்?

முதலில், வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசமே இல்லை என்பதும் ஒன்றல்ல. ஐந்து பட்டையில் மூன்றுக்கு இரண்டு என்று வந்தால், சின்ன வித்தியாசம் ஒன்று இருந்து உங்கள் சோதனைக்கு அது அகப்படாமல் போயிருக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இதே மாதிரி ஐந்தைந்து பட்டை போட்டால் மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கலாம். ஒவ்வொரு தோட்டமும் ஒரு பெரிய அடுக்கு, அவ்வளவுதான்.

இன்னொன்று, இருந்தாலும் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியதாக இருக்க முடியும் என்பதை எடைகளை வைத்துக் கணக்கிடலாம். அந்தக் கூடுதல் கொழுந்துக்கு இன்றைய பச்சைத் தேயிலை விலையில் கிடைக்கும் காசு, புது உரத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசைவிடக் குறைவு என்றால், வாங்க வேண்டாம். விலை விழுந்து கிடக்கும் மாதத்தில் மூட்டைக்கு இருநூறு முந்நூறு மிச்சமாவது சிறு விவசாயிக்குச் சாதாரண விஷயமில்லை. நோட்டைப் பத்திரமாக வையுங்கள், வித்தியாசம் வராத வருஷத்தின் எடைகளும் அடுத்த சோதனைக்கு முன்கூட்டி எடுத்த எடையாகப் பயன்படும்.